பிடரியில் இட்ட மருந்து

நாய், பூனை ஆகியவற்றின் உடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும் தெள்ளுப்பூச்சிகளை ஒழிப்பதற்காக அவற்றின் பிடரித் தோலில் சொட்டாக இடப்படும் மருந்துகள், கடந்த முப்பது ஆண்டுகளில் வீட்டு விலங்குகளைப் பேணும் முறையையே மாற்றிவிட்டன. அதற்கு முன்பெல்லாம் பூச்சிகொல்லித் தூளைத் தேய்ப்பதும், மருந்துக் கரைசலில் குளிப்பாட்டுவதும், மருந்து ஏற்றிய பட்டையைக் கழுத்தில் கட்டுவதுமே வழக்கமாக இருந்தன. 1990-களின் நடுப்பகுதியில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் ஆகிய வேதிப்பொருள்களைக் கொண்ட சொட்டு மருந்துகள் விற்பனைக்கு வந்தபின், தோள்பட்டைகளுக்கு நடுவே மயிரை விலக்கிச் சிறிய பிளாஸ்டிக் குழல் ஒன்றைப் பிதுக்கிவிட்டால் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குத் தெள்ளுப்பூச்சிக் கவலை இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. பெரும்பாலான விலங்குகளுக்கு இம்மருந்துகள் தீங்கின்றியே பயன்படுகின்றன. ஆயினும் சில விலங்குகளின் தோலிலும், அவற்றைத் தொட்டுத் தூக்கிக் கொஞ்சும் மனிதர்களின் தோலிலும் இவை உண்டாக்கும் எதிர்விளைவுகள், இரு வேறு மருத்துவமனைகளில் இரு வேறு நோய்களாகப் பார்க்கப்பட்டு, இரண்டுக்கும் பொதுவான காரணம் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுவதுண்டு. அவ்வாறு ஏறக்குறைய மறைந்துபோகவிருந்த ஒரு காரணத்தையும், அது வெளிப்பட்ட விதத்தையும் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நிகழ்ச்சி நடந்தது இக்கட்டுரையாசிரியரின் வீட்டில்.

சொட்டு மருந்து வேலை செய்யும் முறையை முதலில் விளக்கிவிட்டால், பின்னர் நிகழ்ந்தவை எளிதில் விளங்கும். பூச்சியின் நரம்பு மண்டலத்தில் காபா என்னும் வேதிப்பொருள் நரம்புகளின் கிளர்ச்சியை அடக்கும் பணியைச் செய்கிறது. அது செயல்படும் நுண்வாயில்களை ஃபிப்ரோனில் அடைத்துவிடுவதால், அடக்குவாரற்ற நரம்புகள் கட்டுமீறித் துடித்துப் பூச்சி மடிகிறது. பாலூட்டிகளின் உடலிலும் இத்தகைய வாயில்கள் உண்டு என்றாலும், ஃபிப்ரோனில் பூச்சியின் வாயில்களைப் பற்றும் அளவுக்கு அவற்றை இறுகப் பற்றுவதில்லை என்பதால்தான் ஒரே மருந்து பூச்சியைக் கொன்று நாயைக் காப்பாற்றுகிறது. பிடரியில் இட்ட மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து ஓரிரு நாளில் உடல் முழுவதும் பரவி, மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளில் தேங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து மயிரில் படிகிறது. இவ்வாறு பரவுவதற்கு மருந்து மட்டும் போதாது. அதைக் கரைத்து ஏந்திச் செல்லும் கரைப்பான் ஒன்றும் வேண்டும். ஆல்கஹால் வகைகளும், கிளைக்கால் ஈதர் எனப்படும் நீர்மங்களும் இப்பணிக்குப் பயன்படுகின்றன. தோலின் மேற்பூச்சான கொழுப்புப் படலத்தை ஊடுருவுவதே இவற்றின் வேலையாதலால், மென்மையான தோலையும், ஏற்கெனவே சொறிந்து புண்பட்ட தோலையும் இவை உறுத்துவதில் வியப்பில்லை. மருந்துப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பூச்சிகொல்லியின் பெயர்தான். கரைப்பானின் பெயரைப் பெரும்பாலோர் தேடிப் படிப்பதில்லை.

2015 டிசம்பரில் சென்னையையும் புறநகரையும் அடையாற்று வெள்ளம் சூழ்ந்தபோது, மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதி மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்பகுதிக்கு அருகே சற்று மேடான தெருவொன்றில் இருந்த அந்த வீட்டுக்குள் தண்ணீர் நுழையவில்லை என்றாலும், தாழ்வான தெருக்களிலிருந்து தப்பி வந்த தெருநாய்கள் அவ்வீட்டின் மாடிப்படிகளிலும் தாழ்வாரத்திலும் ஒண்டிக்கொண்டன. வீட்டார் அவற்றை விரட்டவில்லை. இருந்த சோற்றைப் பகிர்ந்து போட்டனர். நீர் வடிந்து நாய்கள் கலைந்து சென்றபின், அவை படுத்திருந்த சாக்குகளிலும் படிக்கட்டின் இடுக்குகளிலும் தெள்ளுப்பூச்சியின் முட்டைகளும் புழுக்களும் தங்கிவிட்டன. பெண் தெள்ளுப்பூச்சி நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டைகள் விலங்கின் உடலில் ஒட்டிக்கொண்டிராமல் அது படுக்கும் இடமெல்லாம் உதிர்கின்றன. ஈரப்பதமும் வெதுவெதுப்பும் இருந்தால் புழுக்கள் செழித்து வளர்ந்து கூட்டுப்புழுவாகி, காலடி அதிர்வும் உடற்சூடும் படும் தருணத்தில் பூச்சியாக வெளிவருகின்றன. மழைக்குப் பிந்தைய தாம்பரத்தில் ஈரத்திற்கும் வெதுவெதுப்பிற்கும் குறைவிருக்கவில்லை.

அவ்வீட்டில் செவலை நிறத்தில், குட்டை மயிருடைய நாட்டு நாய் ஒன்றும், வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவான பூனை ஒன்றும் வளர்ந்தன. நாய்க்குத் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைத் தோலழற்சி என்னும் கோளாறு ஏற்பட்டிருந்தது. பூச்சி கடிக்கும்போது அதன் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் தோலுக்குள் இறங்க, அவற்றை உடல் பகையாகக் கருதி எதிர்ப்பதால் உண்டாகும் கடும் அரிப்பே அது. ஒவ்வாமையுள்ள நாய்க்கு ஒரு சில கடிகளே போதும். வாலின் அடியிலும் இடுப்பின் பின்புறத்திலும் அது ஓயாமல் கடித்துக் கடித்து மயிரை உதிர்த்துவிடும். கட்டுரையாசிரியரின் தாயார் ஈரமான வெள்ளைத் துணியை முற்றத்தில் விரித்து அதன்மேல் நாயைச் சீவிவிட்டபோது, மிளகுத்தூள் தூவியதுபோல் விழுந்த கருந்துகள்கள் ஈரம் பட்டுச் செம்பழுப்பாகக் கசிந்தன; அவை பூச்சியின் கழிவு, அதாவது செரித்தும் செரிக்காமலும் வெளியேறிய நாயின் இரத்தமே ஆகும். தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று ஐயம் எழும்போது இதைவிட எளிய சோதனை வேறில்லை.

பூச்சியை ஒழித்தாக வேண்டிய கட்டாயத்தில் வீட்டார் மருந்து வாங்கினர். பத்து முதல் இருபது கிலோ வரை எடையுள்ள நாய்களுக்கென விற்கப்படும், 1.34 மில்லிலிட்டர் கொண்ட ஃபிப்ரோனில் குழல் அது. நாயின் எடைக்கு ஏற்றதே. மாலையில் நாயை நிற்க வைத்து, பிடரி மயிரைப் பெருவிரலால் இருபுறமும் பிரித்து, தோல் தெரிந்த இடத்தில் குழலின் முனையை வைத்துப் பிதுக்கினர். நீர்மம் பட்ட இடத்தில் மயிர் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு நின்றது. மூக்கை அருகே கொண்டுசென்றால் மருந்துக்கடை ஸ்பிரிட்டை நினைவூட்டும் நெடி வீசியது. குட்டை மயிர் நாயாதலால் நீர்மத்தில் ஒரு பங்கு தோலில் ஊறாமல் ஒரு கோடாக வழிந்து தோளின் பக்கமாக இறங்கியது. பூனையைத் தனியறையில் வைத்திருந்தனர். நாயை இரவு முழுவதும் தொடாமல் இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. பெட்டிக்குள்ளிருந்த தாள், ஆங்கிலத்திலும் இந்தியிலும், உருப்பெருக்கி வைத்துப் படிக்க வேண்டிய அளவு சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டி அத்தாளைக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை அதை அச்சிட்டவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிரவே நாய் நிலைகொள்ளாமல் தவித்தது. பிடரியைச் சுவரிலும் கதவு நிலையிலும் மாறி மாறித் தேய்த்தது. பின்னங்காலால் எட்டிச் சொறிய முயன்று விழுந்தெழுந்தது. அதை ஆற்றுவதற்காகத் தாயார் அருகே அமர்ந்து, அதன் தலையை மடியில் கிடத்தி, கழுத்தைத் தடவிக்கொடுத்தபடியே நெடுநேரம் விழித்திருந்தார். மறுநாள் காலையில் நாயின் பிடரியில் உள்ளங்கையளவு இடம் சிவந்து தடித்திருந்தது. நடுவே நீர் கசிந்தது. மருந்து வழிந்த கோட்டை அப்படியே பின்பற்றி இன்னொரு சிவந்த தடம் தோள்வரை சென்றது. அடுத்தடுத்த நாள்களில் அவ்விடத்து மயிர் கொத்தாக உதிர்ந்து, மஞ்சள் நிறப் பொருக்குத் தட்டியது. தாயாரின் வலது மணிக்கட்டின் உட்புறத்திலும் முன்கையிலும் சிறு சிறு செம்புள்ளிகள் தோன்றி, பிறகு ஒன்றோடொன்று கலந்து, தாங்கமுடியாத அரிப்போடு கூடிய தடிப்பாக மாறின. தாடையின் கீழே, அவர் கைவைத்துச் சாய்ந்திருக்கும் பழக்கமுள்ள இடத்திலும் அதே தடிப்புத் தென்பட்டது.

இதன்பின் நடந்தவற்றை இன்று நினைத்துப் பார்க்கும்போதுதான், இத்தகைய எதிர்விளைவுகள் ஏன் பெரும்பாலும் பெயரின்றிப் போகின்றன என்பது தெளிவாகிறது. தாயாரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். துணி துவைக்கும் சோப்பு மாற்றப்பட்டதா, புதிய வளையல் அணிந்தாரா, தலைக்குச் சாயம் பூசுகிறாரா, வெள்ள நீரில் கை நனைந்ததா என்றெல்லாம் அம்மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். வெள்ளத்திற்குப் பின் தோல் நோயாளிகள் வரிசையில் நின்ற காலம் ஆதலால், அழுக்கு நீரால் வந்த அழற்சி என்று முடிவு செய்து களிம்பு எழுதிக்கொடுத்தார். வீட்டில் நாய் உண்டா என்ற கேள்வி எழவில்லை. அதே வாரத்தில் நாயைக் காட்டிய தனியார் கால்நடை மருத்துவமனையில், உணவை மாற்றினீர்களா, வெளியே வேறு நாயோடு சண்டையிட்டதா என்று கேட்டுவிட்டு, பாக்டீரியாத் தொற்று என்று கருதி மாத்திரை தந்தனர். வீட்டில் யாருக்காவது தோலில் அரிப்பு உண்டா என்ற கேள்வி அங்கும் எழவில்லை. இரு மருத்துவர்களும் தத்தம் துறையில் கேட்கவேண்டியவற்றையே கேட்டனர். ஆனால் ஒரு குழலிலிருந்து வழிந்த நீர்மம் இரு தோல்களையும் தொட்டது என்ற செய்தி, இரண்டு மருந்துச் சீட்டுகளுக்கும் நடுவே விழுந்து தொலைந்துபோயிற்று.

அதை மீட்டெடுத்தவர் ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த அரசுக் கால்நடை மருத்துவர் ஒருவர். பிடரிப் புண் ஆறாததால் நாயை அவரிடம் கொண்டுசென்றபோது, அதைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயாரின் மணிக்கட்டை அவர் தற்செயலாகக் கவனித்தார். புண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இந்தக் கையாலதான் மருந்து போட்ட எடத்தத் தடவிக்குடுத்தீங்களா?" என்று கேட்டார். தாயார் ஆம் என்றதும், நாயின் தோளில் கோடாக இறங்கியிருந்த தடத்தை விரலால் தொடர்ந்து காட்டி, தொற்றோ சொறியோ இப்படி நேர்கோடு பிடித்துப் போகாது, நீர்மம் வழிந்த வழிதான் இப்படி இருக்கும் என்று விளக்கினார். நோயின் வடிவமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும் என்னும் இந்தப் பார்வை பெரிய கருவிகள் எவற்றையும் வேண்டாதது. விலங்கையும் மனிதரையும் ஒருசேரப் பார்க்கும் கண் ஒன்று மட்டுமே அதற்கு வேண்டும்.

தோலின்மேல் ஒரு பொருள் படுவதால் உண்டாகும் அழற்சியைத் தொடுதோலழற்சி என்பர். அதில் இரு வகை உண்டு. பொருள் தன் வேதித்தன்மையால் நேரடியாகத் தோலை அரித்து உறுத்துவது ஒருவகை. அது முதல் முறையிலேயே, யாருக்கும் வரக்கூடும். பட்ட சில மணி நேரத்திலேயே எரிச்சலாகத் தொடங்கும். இரண்டாவது வகை ஒவ்வாமையால் வருவது. உடலின் எதிர்ப்பு மண்டலம் அப்பொருளை முன்பே அறிந்து நினைவில் வைத்திருந்தால்தான் அது தோன்றும். பொருள் பட்டு ஓரிரு நாள் கழித்தே அரிப்பு உச்சமடையும். சிறிதளவு பட்டாலும் போதும். நாய்க்கு வந்தது முதல் வகை என்றே அந்த மருத்துவர் கருதினார். ஏற்கெனவே தெள்ளுப்பூச்சிக் கடியால் சொறிந்து காப்பிழந்திருந்த தோலில் கரைப்பான் இறங்கியதே காரணம் என்றார். தாயாருடையது எந்த வகை என்பதை உறுதி செய்ய ஒட்டுச் சோதனை என்னும் முறை உண்டு. ஐயத்திற்குரிய பொருள்களை முதுகில் சிறு ஒட்டுகளாக இரண்டு நாள் வைத்திருந்து தோல் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்று பார்ப்பது அது. காரணம் ஏறத்தாழத் தெளிவாகிவிட்டதால் அவருக்கு அச்சோதனை செய்யப்படவில்லை. மருந்து இட்ட நாயைத் தொடாமல் விலகியிருந்தபின் தடிப்பு வடிந்தது என்பதும், அதன்பின் மீண்டும் வரவில்லை என்பதும் மட்டுமே உறுதியாகச் சொல்லத்தக்கவை.

அந்த மருத்துவர் முதலில் செய்யச் சொன்னது களிம்பு பூசுவதை அன்று, கழுவுவதை. எண்ணெய்த்தன்மையுடைய இம்மருந்துகள் வெறும் நீரால் போவதில்லை. பாத்திரம் துலக்கும் மென்மையான திரவத்தைக்கொண்டு நாயின் பிடரியை நுரைக்கத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரால் பலமுறை அலச வேண்டும். கழுவுபவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். தமிழ் வீடுகளில் தோலில் எது வந்தாலும் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவும் பழக்கம் வேரூன்றியது. ஆனால் கழுவும் முன் எண்ணெய் தடவினால், எண்ணெயில் கரையும் மருந்து இன்னும் அகலமான இடத்திற்குப் பரவும். மருந்து இட்டு நாள் பல கழிந்தபின் அலம்புவதால் கிடைக்கும் பயன் குறைவுதான்; எதிர்விளைவு தென்பட்ட அந்த முதல் சில மணி நேரத்திலேயே கழுவியிருந்தால் நாய் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி குறைந்திருக்கும் என்பதே அவர் கூறியது.

மருந்து இட்ட விலங்கைத் தொடும் கையில் எவ்வளவு ஒட்டுகிறது என்பது ஊகத்திற்குரிய செய்தி அன்று. அமெரிக்காவின் மர்ரே மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபிப்ரோனில் இட்ட நாய்களைப் பருத்திக் கையுறை அணிந்து தடவி, அக்கையுறைகளில் ஒட்டிய மருந்தை அளந்து 2002-இல் வெளியிட்டனர். முதல் நாளில் மிக அதிகமாக இருந்த எச்சம், வாரங்கள் செல்லச் செல்லக் குறைந்து, ஐந்து வாரங்களுக்குப் பின்னரே அளவிட முடியாத நிலையை அடைந்தது. அந்நாட்டில் 2001 முதல் 2007 வரை ஃபிப்ரோனிலால் மனிதருக்கு நேர்ந்த உடல்நலக் குறைவுகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வு 103 நேர்வுகளைக் கண்டது. அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை வளர்ப்பு விலங்கு மருந்துகளோடு தொடர்புடையவை. பெரும்பாலானவை லேசானவை, தாமே தணிந்தவை. தலைவலி, கிறுகிறுப்பு, கண் எரிச்சல் ஆகியவற்றோடு தோல் அறிகுறிகளும் ஐந்தில் ஒரு பங்கினரிடம் காணப்பட்டன. அச்சமூட்டும் எண்கள் அல்ல இவை. ஆனால் இந்நாட்டு வீடுகளில் நாயும் குழந்தையும் ஒரே தரையில், ஒரே பாயில் படுப்பதையும், மிகுந்த வெக்கையில் அரைகுறை ஆடையோடு வெற்றுத்தோல் உராய இருப்பதையும் எண்ணிப் பார்த்தால், மெத்தையும் காலணியும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட எச்சரிக்கைகள் இங்கே போதுமா என்ற கேள்வி எழாமல் இராது. இதே ஃபிப்ரோனில் நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு எதிராகத் தமிழக வயல்களில் இடப்படுகிறது. உழவரிடம் கையுறை அணியுமாறு வற்புறுத்தும் நாம், நாயின் கழுத்தில் அதை இட்டுவிட்டுக் குழந்தையை அதன்மேல் ஏறி விளையாட விடுகிறோம். அளவு வேறு, செறிவு வேறு என்பது உண்மையே. இருப்பினும் முதல் ஒரு நாள் விலகியிருப்பது யாருக்கும் முடியாத காரியம் அன்று.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தெள்ளு, உண்ணி ஆகியவற்றுக்கான சொட்டு, தெளிப்பு, பட்டை, ஷாம்பு மருந்துகளால் நேர்ந்திருக்கக்கூடும் எனக் கருதப்பட்ட எதிர்விளைவுகள் குறித்து 2008-ஆம் ஆண்டில் மட்டும் 44,000-க்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பெற்று, 2009 ஏப்ரலில் சொட்டு மருந்துகளைத் தீவிரமாக ஆராயத் தொடங்கியது. லேசான தோல் எரிச்சல் முதல் வலிப்பும் இறப்பும் வரை அம்முறையீடுகள் நீண்டன. மறு ஆண்டு வெளியிட்ட முடிவில், சிறிய உடலுடைய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டதையும், நாய்க்கான மருந்தைப் பூனைக்கு இட்டதால் பெருந்தீங்குகள் விளைந்ததையும் எடுத்துக்காட்டி, பெட்டியின் மேல் எச்சரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டுமென அறிவித்தது. அங்கே முறையிட ஓர் இடம் இருந்தது, முறையிட்டவர்கள் இருந்தனர், ஆகவே எண்ணும் கிடைத்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. தாம்பரத்து வீட்டின் பிடரிப் புண்ணும் மணிக்கட்டுத் தடிப்பும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பூனையைப் பற்றிய எச்சரிக்கை எவ்வளவு உயிர்நிலையானது என்பதை அத்தெருவிலேயே காண நேர்ந்தது. எதிர்வீட்டார், பெர்மெத்ரின் செறிவாகக் கலந்த நாய்களுக்கான மருந்தை, கடையில் பூனைக்கும் இதுவே போதும் என்று சொன்னதை நம்பித் தம் பூனைக்குச் சில சொட்டுகள் இட்டனர். பெர்மெத்ரின் என்பது செவ்வந்தி இனத்துப் பூவொன்றிலிருந்து கிடைக்கும் பைரெத்ரின் என்னும் நஞ்சைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட பூச்சிகொல்லி. நாயின் கல்லீரல் அதைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்குரிய நொதியத்தின் திறன் மிகக் குறைவு. சில மணி நேரத்தில் அப்பூனையின் காது மடல்கள் துடித்தன, பிறகு முகம், பிறகு உடல் முழுவதும் நடுங்கியது. உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று, தசைகளின் துடிப்பை அடக்கும் மருந்தும் குளுக்கோஸும் ஏற்றியதால் அது பிழைத்தது. அதைக் கழுவிய பெண்மணிக்குக் கையிலும் முகத்திலும் ஊசி குத்துவதுபோன்ற கூச்சமும் எரிச்சலும் ஒரு நாள் நீடித்தன. தோலில் தடிப்போ சிவப்போ கண்ணுக்குத் தெரியவில்லை. பைரெத்ராய்டு வகை மருந்துகள் தோலின் உணர்வு நரம்புமுனைகளைத் தூண்டுவதால் வரும் நிலை இது. வெயிலிலும் வியர்வையிலும் வெந்நீரிலும் கூடி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கும். கண்ணுக்குத் தெரியாததால் இதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுவது பெரும் அநீதி.

தோலின் எதிர்விளைவு எப்போதும் இட்ட இடத்தோடு நின்றுவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மெட்டாஃப்ளுமிசோன், அமிட்ராஸ் ஆகிய இரண்டும் கலந்த புரோமெரிஸ் என்னும் சொட்டு மருந்து இடப்பட்ட நாய்கள் சிலவற்றில், பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயை ஒத்த சீழ்க்கொப்புளங்கள் தோன்றின. உடலின் எதிர்ப்பு மண்டலமே தோலின் உயிரணுக்களைப் பிணைத்திருக்கும் புரதத்தைத் தாக்கி அவற்றைப் பிரித்துவிடும் நோய் அது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தியரி ஒலிவ்ரி குழுவினர் இத்தகைய 22 நாய்களைப் பற்றி 2011-இல் எழுதினர். சில நாய்களில் கொப்புளங்கள் இட்ட இடத்தோடு நின்றன, வேறு சிலவற்றில் மருந்து படாத தொலைவான இடங்களுக்கும் பரவின. அம்மருந்து அதே ஆண்டில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஃபிப்ரோனில், அமிட்ராஸ், மெத்தோபிரீன் மூன்றும் கலந்த வேறொரு மருந்தாலும் 21 நாய்களுக்கு இதே நோய் தூண்டப்பட்டதை 2014-இல் பெட்ரா பிசிகோவா குழுவினர் பதிவு செய்தனர். மிக அரிதான இவ்விளைவுகள் வெளிச்சத்திற்கு வந்தது, தோல் புண்ணைப் பார்த்த மருத்துவர்கள் கடைசியாக என்ன மருந்து இட்டீர்கள், எங்கே இட்டீர்கள் என்று விடாமல் கேட்டதனால்தான்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்வது விலங்குக்குச் செய்யும் கொடுமையாகும். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையால் துடிக்கும் நாயைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். குட்டிகளில் மிகுந்த பூச்சித்தொல்லை இரத்தச்சோகையில் முடிவதுண்டு. பூச்சியை விழுங்குவதன் மூலம் நாடாப்புழுவும் நாயின் குடலுக்குள், எப்போதேனும் குழந்தையின் குடலுக்குள்ளும், செல்கிறது. இயற்கையானது என்ற பெயரில் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துப் பூசுவதும், தேயிலை மர எண்ணெயைச் செறிவாகத் தடவுவதும் நஞ்சூட்டுவதற்கு ஒப்பானவை. பூனைக்கு இவை குறிப்பாக ஆகா. முயலுக்கு ஃபிப்ரோனில் உயிர்க்கொல்லி. தோலில் இடும் மருந்து ஒத்துக்கொள்ளாத விலங்குகளுக்கு ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் உள்ளன. வலிப்பு வரலாறுடைய விலங்குகளுக்கு அவற்றைத் தருவதில் கவனம் வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருப்பதால், அவற்றையும் மருத்துவரின் சொற்படியே தர வேண்டும். அந்தச் செவலை நாய்க்குப் பின்னர் மாத்திரையே கொடுக்கப்பட்டது. சாக்குகள் எரிக்கப்பட்டன, படிக்கட்டு இடுக்குகள் வெந்நீரால் கழுவப்பட்டன. பிடரியில் மயிர் முளைத்துவிட்டாலும், அந்த இடத்தில் மட்டும் வெண்மையாக முளைத்தது.

நாய் அல்லது பூனை வளர்ப்போர் இவற்றுள் எதைக் கடைப்பிடிக்காவிட்டாலும் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்குமாறு இக்கட்டுரையாசிரியர் வேண்டுகிறார். மருந்து இட்டபின் அதன் பெட்டியையும் உள்ளிருக்கும் தாளையும் குப்பையில் எறியாமல், இட்ட தேதியை அதன்மேல் எழுதி, விலங்கின் தோலிலோ வீட்டிலுள்ள எவர் தோலிலோ அரிப்பு, எரிச்சல், தடிப்பு ஏற்பட்டால் கால்நடை மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் அதே பெட்டியை எடுத்துச் சென்று காட்டுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மருத்துவர்களும், தோல் நோயோடு வருபவரிடம் வீட்டில் விலங்கு உண்டா என்றும், தோல் நோயோடு வரும் விலங்கின் உரிமையாளரிடம் உங்கள் கை எப்படியிருக்கிறது என்றும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். மருந்து விற்போர் அத்தாளைப் படிக்கத்தக்க எழுத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும்.